ஒரு துணி மிச்சம்

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறுக்கு முந்தைய நாள்
சுரூபங்களை மூடுவது எங்கள் வேலை,
எனக்கும் டெல்ஃபினாவுக்கும்.
ஏணி அவளுடையது.
முழங்கால் வலி என்னுடையது.

வெளியே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
வட மிச்சிகனில் மார்ச் மாதம் பெயரளவுக்கு வசந்தம்.
போன வருடத்துக் குருத்தோலைகளை
காப்பி டப்பாவில் போட்டு எரித்து
சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுத்த அன்று
காற்றில் மூன்று தீக்குச்சிகள் அணைந்தன.
நான்காவதும் அணைந்தபோது ஃபாதர் ஒபியோரா
தன் தாய்மொழியில் ஏதோ சொன்னார்.
ஜெபம் என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த நாற்பது நாளுக்கு
ஆளுக்கொன்றை விட்டிருக்கிறோம்.
டெல்ஃபினா சர்க்கரையை.
லுட்விக் பெர்க்கோ பனியைத் திட்டுவதை:
புதன்கிழமை விட்டான்,
வியாழக்கிழமை மறுபடி பிடித்துக்கொண்டான்.
நான் விட்டது என்னவென்று கேட்பவர்களிடம்
சொல்லக் கூடாது என்பேன்.
உண்மையில், யோசித்துக்கொண்டே
நான்கு வாரம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலின் நிலவறையில்
மீன் பொரித்து விற்கிறோம்.
கறியை ஒறுத்தவர்கள் வரிசையில் நின்று
இரண்டாம் தட்டு கேட்கிறார்கள்.
எண்ணெய் வாசனை படியேறி
பலிபீடம் வரை வந்துவிடுகிறது.
கொதிகலன் கடன் அதில்தான் அடைகிறது;
நோன்புதான் எங்களைக் குளிரிலிருந்து காக்கிறது
என்றால் பொய்யில்லை.

பெட்டியைத் திறந்தோம்.
ஊதாத் துணிகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும்
மையால் எழுதிய பெயர்:
சூசையப்பர். அந்தோனியார்.
மாதா, பெரியது. மாதா, சிறியது.
அடியில்
பார்பரா.

சுரங்கக்காரர்களின் காவல் அவள்.
கையில் கோபுரம்; காலடியில்
யாராவது வைத்துப்போகும்
தலைவிளக்கு பேட்டரிகள்.
இரும்புச் சுரங்கம் மூடிய ஆண்டு
ஓர் அருங்காட்சியகம் விலை பேசியது.
கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.
கொடுத்துவிட்டோம்.
வாக்கெடுப்பில் நானும் கை தூக்கினேன்.

துணியையும் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.
வருடாவருடம் எடுப்போம், உதறுவோம்,
மடித்துத் திரும்ப வைப்போம்.
பதினோரு வருடம்.

இந்த முறை டெல்ஃபினா மடிக்கவில்லை.
"கோட் மாட்டுற கம்பம் எங்கே?" என்றாள்.

பின்வாசலில் நின்றதைத் தூக்கிவந்து
காலி மாடத்தில் ஏற்றினோம்.
உயரம் போதவில்லை,
நான்கு பாட்டுப் புத்தகங்களை அடியில் கொடுத்தோம்.
தோளுக்கு என் மப்ளர்.
துணியைப் போர்த்தியதும், சத்தியமாக,
சூசையப்பருக்கும் அவளுக்கும்
ஒரு வித்தியாசமும் இல்லை.
சிரித்துச் சிரித்து
ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

மாலை விளக்கணைக்க வந்தேன்.
லுட்விக் அங்கே மண்டியிட்டிருந்தான்.
இரண்டாம் ஷிப்டில் தம்பியைப் பறிகொடுத்தவன்.
அந்த வாக்கெடுப்புக்குப் பின்
மீனுக்கு மட்டும் வருகிறவன்,
நிலவறையிலிருந்து மேலே
ஒரு படிகூட ஏறாதவன்.
தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான்.
பூட்ஸிலிருந்து உருகிய பனி
பலகைமேல் சின்னதாய்
ஒரு ஏரி கட்டியிருந்தது.

"திருப்பிக் கொடுத்துட்டாங்களா?"
என்னைப் பார்க்காமலே கேட்டான்.

கம்பம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
ஈஸ்டருக்கு முந்தைய இரவு
துணிகளை எடுக்கும்போது
எப்படியும் தெரிந்துவிடும்.
அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

"மூடியிருக்கு," என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

திங்கட்கிழமை கூட்டிப் பெருக்கும்போது
மாடத்தின் கீழே ஒரு பேட்டரி.
அட்டை பிரிக்காதது,
விலைச்சீட்டுகூட அப்படியே.
டெல்ஃபினாவிடம் சொல்லவில்லை.

மப்ளரையாவது உருவிக்கொண்டிருக்கலாம்.
ஏணி சுவரில்தான் சாய்ந்திருந்தது.

கழுத்தில் ஏரிக்காற்று அறைய
வீட்டுக்கு நடந்தேன்.
இந்தத் தவக்காலத்தில் எதை விட்டாய் என்று
இனி யாராவது கேட்டால்
சொல்ல ஒன்று இருக்கிறது.